கத்தரி விதை பாதிதான் முளைக்கிறது, முளைத்ததும் நூலாக நீண்டு சாய்கிறது. எங்கே பிழை?

கேள்வி: தென்மாடி

வணக்கம். சென்னையில் மொட்டை மாடி. காலை எட்டு முதல் பிற்பகல் மூன்று வரை நேர் வெயில் கிடைக்கும். வேலூர் முள்ளு கத்தரி, பச்சை நீளக் கத்தரி இரண்டும் நாட்டு விதை. 50 குழி குழித்தட்டில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை அங்குல ஆழத்தில் போட்டிருக்கிறேன். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, தட்டு வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் இருக்கிறது. ஒரு வாரம் தாண்டியும் பாதிக் குழிகள் வெறுமையாகவே இருக்கின்றன. முளைத்தவையும் வெளிறி நீளமாக இருக்கின்றன. சிலவற்றில் மண் மட்டத்தில் தண்டு சுருங்கி ஒடிந்து விழுகிறது.

முளைப்பை எப்படிச் சீராக்குவது? இப்போது நிற்கும் நாற்றுகளைக் காப்பாற்ற முடியுமா? செடி வளர்க்கும் பைக்கு எப்போது மாற்ற வேண்டும், என்ன கலவை?

பதில்: விதைப்பெட்டி

இதில் மூன்று சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் முளைப்பு. கத்தரி விதை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அரை அங்குலம் அதற்கு ஆழம் அதிகம். கால் அங்குலம் போதும். விதையை மேலே வைத்து, சலித்த மண்புழு உரத்தை அது மறையும் அளவுக்குத் தூவி, விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால் விதைக்கும் கலவைக்கும் இடையில் காற்று நின்று, ஒரு பக்கம் ஈரம் ஒரு பக்கம் காய்ச்சல் என்று முளைப்பு ஏற்ற இறக்கமாகிவிடும்.

அடுத்து சூடு. கத்தரிக்குக் கலவையின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி இருந்தால் 6 முதல் 8 நாளில் முளை தெரியும். 20 டிகிரிக்குக் கீழே போனால் இரண்டு வாரம் ஆனாலும் வியப்பில்லை, அதற்குள் ஈரத்தில் ஊறிய விதை அழுகவும் செய்யும். மார்கழி, தை இரவுகளில் சென்னையிலேயே தாமதமாகும். அந்த மாதங்களில் தட்டை பிரிட்ஜ் மேலே, அல்லது பகல் வெயிலில் சூடேறிய சுவரை ஒட்டி வையுங்கள். முளைக்கும்வரை விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. ஆகவே வெறும் குழிகளை இன்னும் ஒரு வாரம் விட்டுவைக்கலாம், அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம்.

விதையை 6 முதல் 8 மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ஒன்றிரண்டு நாள் மிச்சமாகும். அதற்கு மேல் ஊறவைத்தால் விதைக்குக் காற்று கிடைக்காது. ஊறியதை நிழலில் உதிரியாகும்வரை ஆற்றி, ஒரு தேக்கரண்டி ஆறிய அரிசிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடி கலந்து, அதில் புரட்டி அரை மணி நேரம் காயவிட்டு விதையுங்கள். வாங்கிய பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் இதெல்லாம் வேண்டாம். அது பூஞ்சைக்கொல்லிப் பூச்சு. ஊறவைத்தால் கழுவிப் போகும், மேலே நுண்ணுயிர் தடவுவதிலும் பயனில்லை. அந்த விதையைத் தொட்டால் கை கழுவுங்கள்.

வெறும் கோகோபீட்டில் உணவு கிடையாது. முளைக்க வைக்கும், வளர்க்காது. கழுவாத கட்டியாக இருந்தால் உப்பும் இருக்கும், இலை ஓரம் கருகுவதற்கு அதுவே போதும். 650 கிராம் கட்டியை ஊறவைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் வரும். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து கொள்ளுங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்தால் ஈரம் சரி. தாரையாக வடிந்தால் அதிகம்.

இனி நீளும் தண்டு. முதல் நான்கைந்து முளை தலைகாட்டிய அன்றே பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட வேண்டும், தட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். “எல்லாம் முளைக்கட்டும்” என்று மூடியே வைத்தால் முதலில் வந்தவை வெளிச்சம் தேடி இரண்டே நாளில் நீண்டுவிடும். நமக்கு ஜன்னல் ஓரம் வெளிச்சமாகத் தெரியலாம், நாற்றுக்கு அது இருட்டு. முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல்வலைக்குக் கீழே, ஒரு வாரத்தில் காலை வெயில் முழுவதும் என்று பழக்குங்கள்.

மண் மட்டத்தில் சுருங்கி விழுவது நாற்றழுகல். பிதியம் போன்ற மண்வாழ் கிருமிகள் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில் செய்யும் வேலை. விழுந்த நாற்று பிழைக்காது. அந்தக் குழியின் கலவையோடு எடுத்து எறியுங்கள், கம்போஸ்டில் போடாதீர்கள். மிச்சமிருப்பதற்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அகலமான தாம்பாளத்தில் ஒரு அங்குலத் தண்ணீர் விட்டுத் தட்டை 10 நிமிடம் வைத்து எடுத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து, மேல்கலவை நிறம் வெளிறிய பிறகுதான் தண்ணீர். பரவுவது நிற்கவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி) லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றலாம். இயற்கை முறையில் என்றால் டிரைக்கோடெர்மா விரிடி லிட்டருக்கு 5 கிராம். இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், செம்பு அதையும் பாதிக்கும்.

பதில்: செம்மண்காரர்

மேலே சொன்னது எல்லாம் சரி. பைக்கு மாத்துறதைப் பத்தி நான் சொல்றேன்.

இப்போ நூலா நிக்கிற நாற்றை அப்படியே விடாதீங்க. முதல் உண்மை இலை (முளைக்கும்போது வர்ற ரெண்டு வித்திலைக்கு அப்புறம் வர்றது) வந்ததும் ஒரு டீ கப்புக்கு மாத்தி, வித்திலைக்கு அரை அங்குலம் கீழ வரைக்கும் கலவை போட்டு நிறுத்துங்க. அவ்வளவுதான் ஆழம். தக்காளியைத் தண்டு வரைக்கும் புதைக்கிற மாதிரி இதைப் புதைக்கக் கூடாது. தக்காளித் தண்டு முழுக்க வேர் விடும். கத்தரி அப்படி லேசில் விடாது, கழுத்துப் பகுதி ஈரத்துல அழுகிடும். கப்போட அடியில ஓட்டை போட மறக்காதீங்க.

விதை போட்டு 30லிருந்து 35 நாள்ல, நாலஞ்சு உண்மை இலை, அரை அடி உயரம், தண்டு பென்சில் ரீஃபில் அளவுக்குத் தடிப்பு வந்ததும் பைக்குப் போகலாம். 45 நாளுக்கு மேல கப்பிலேயே இருந்தா வேர் சுருண்டு முடிச்சாகிடும், பையில வெச்சாலும் செடி உக்காந்தே இருக்கும். மாத்துறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி தண்ணியைக் குறைச்சு, முழு வெயில்ல வெச்சு நாற்றைக் கடினப்படுத்துங்க. மாத்துறது சாயங்காலம்தான்.

பை 15க்கு 15 இன்ச், இல்லைன்னா பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி. ஒரு பைக்கு ஒரு செடி. ரெண்டு வெச்சா ரெண்டும் கெட்டுப்போகும். நிலத்துல ரெண்டடிக்கு ரெண்டடி விடுறது எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க, வேர் அந்த அளவுக்கு ஓடும். அடி ஓட்டை நாலஞ்சு வேணும்.

கலவை அளவு: செம்மண் ஒரு பங்கு, நல்லா மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, அலசின கோகோபீட் ஒரு பங்கு. பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு தூள் பண்ணிக் கலங்க. கலந்து ஈரமாக்கி ஒரு வாரம், பத்து நாள் ஆறவிட்டு அப்புறம் நடுங்க. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், உடனே நட்டா வேர் வெந்துடும். மக்காத சாணி போட்டா அதோட வேர்ப்புழுவும் சேர்ந்து வரும்.

நட்டு 15 நாள் கழிச்சு உரம் ஆரம்பிங்க. கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணில மூணு நாள் ஊற வெச்சு, தெளிவை எடுத்து பத்து மடங்கு தண்ணி சேர்த்து செடிக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒரு தடவை. நடுவுல பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம். பூ வந்த பிறகு புண்ணாக்குத் தண்ணியைக் கூட்டாதீங்க. தழைச்சத்து ஏறினா இலை யானைக்காது மாதிரி விரியும், பூ நிக்காது, சாறு உறிஞ்சிகளும் தேடி வரும். அந்தக் கட்டத்துல அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி மேல்மண்ணோட கிளறி விட்டா சாம்பல்சத்து கிடைக்கும். மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

ஒரு விஷயம், நுனி கிள்ளுறது. செடி ஒரு அடி வந்ததும் கிள்ளினா கிளை அடிக்கும்னு நிறைய பேர் சொல்வாங்க. பச்சை நீளக் கத்தரி மாதிரி நிமிர்ந்து வளர்ற ரகத்துக்கு அது சரி. முள்ளு கத்தரி தானாவே படர்ந்து கிளைக்கும், அதைக் கிள்ளினா முதல் காய்தான் தள்ளிப்போகும். அதுக்குப் பதிலா தரையோட ஒட்டின கீழ் இலைகளை எடுத்துடுங்க.

தென்மாடி

இருவருக்கும் நன்றி. தட்டை மாடிக்கு மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. மாடியில் ஏற்கெனவே இருக்கும் கத்தரிச் செடிகளில் கொழுந்து திடீரென்று வாடித் தொங்குகிறது, காயிலும் ஓட்டை. வேப்பெண்ணெய் தெளித்தும் நிற்கவில்லை. பூவும் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. புது நாற்றை அதே பை மண்ணில் நடலாமா?

பதில்: பூச்சிநோட்டம்

கொழுந்து வாடுவது தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழு. கத்தரியில் எல்லாரையும் தோற்கடிப்பது இதுதான். ஆகவே அது எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வைத்தியம் பலிக்கும்.

தாய் அந்துப்பூச்சி இரவில் இலையின் அடிப்பக்கத்திலும் கொழுந்திலும் பூ மொட்டிலும் ஒவ்வொரு முட்டையாக இடும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிந்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்து, நுழைந்த துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் மேலே எதைத் தெளித்தாலும் அதன் மேல் படாது. வேப்பெண்ணெய் பயன்படும் நேரம் முட்டையிடும் காலம் மட்டுமே. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதைக் கரைக்கக் காதி சோப்புக் கரைசல் சிறிது, வாரத்துக்கு ஒரு முறை, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

உண்மையில் வேலை செய்வது கத்தரிக்கோல்தான். வாடிய கொழுந்தைக் கண்ட அன்றே, வாட்டம் முடியும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய முனையைப் பாருங்கள். நடுத்தண்டு குடைந்து பழுப்பாக இருந்தால் புழு இன்னும் கீழே இருக்கிறது, வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஓட்டை விழுந்த காயையும் பறியுங்கள். இவற்றைச் செடியடியில் போட்டால் புழு வெளியே ஊர்ந்து சருகுக்கு நடுவில் கூடு கட்டி, மறுபடி அந்துப்பூச்சியாக அதே செடிக்கு வரும். சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தியோ, கவரில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டோ அழியுங்கள். பையின் மேல் உதிர்ந்த இலைகளை வாராவாரம் எடுத்துவிடுங்கள். மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் சருகு) போட்டிருந்தால் கத்தரிக்கு மட்டும் அதை மெல்லியதாக வையுங்கள்.

இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். பொறிக்குள் வைக்கும், கத்தரித் துளைப்பானுக்கென்று உள்ள வாசனைக் குப்பியைக் கேட்டு வாங்குங்கள், தக்காளிக் காய்ப்புழுவின் குப்பி இதை இழுக்காது. இந்தப் பொறி ஆண் பூச்சியை மட்டுமே பிடிக்கும். பத்துப் பதினைந்து பை உள்ள மாடியில், வெளியிலிருந்து ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் பூச்சி வந்து முட்டையிட்டுப் போவதை அது தடுக்காது. மாடிக்கு வலைக்கூண்டுதான் மேல். புது நாற்று நட்ட அன்றே நெருக்கமான நைலான் கொசுவலையால் பையோடு சேர்த்து மூடி, அடியை மண்ணோடு கட்டிவிடுங்கள். பழைய செடிகளை அதே கூண்டுக்குள் வைக்காதீர்கள், பூச்சியை உள்ளே பூட்டியது போலாகிவிடும்.

வலை போட்டால் தேனீ வராதே என்று கவலைப்பட வேண்டாம். கத்தரிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை உண்டு, அதிர்ந்தால்தான் தூள் கொட்டும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள்.

பூ உதிர்வதற்கு முன் ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் மகரந்தக் கூம்பின் நடுவிலிருந்து பச்சைச் சூல்முடி (பூவின் பெண் உறுப்பின் நுனி) வெளியே நீட்டிக்கொண்டோ அதே மட்டத்திலோ இருந்தால் அது காய்க்கும் பூ. உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அது காய்க்காது, உதிரத்தான் செய்யும். ஒரே செடியில் இரண்டும் வரும், ஒரு கொத்தில் முதல் பூ பெரும்பாலும் நீண்ட சூல்முடி உள்ளதாக இருக்கும். ஆகவே எல்லாப் பூவும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீண்ட சூல்முடிப் பூவும் விழுகிறது என்றால்தான் காரணம் தேட வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துப்போகும், சித்திரை வைகாசியில் பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். இன்னொன்று ஈரம் ஏறி இறங்குவது. காய்ந்து வாடவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பூ கொட்டும். கோடையில் வாளிச் செடிக்குக் காலை ஒரு லிட்டர், மாலை ஒரு லிட்டர் என்று பிரித்து விடுங்கள்.

இலை எல்லாம் சின்னச் சின்னதாகக் கொத்தாக, செடி குத்துச்செடி போல அடர்ந்து, பூவே இல்லாமல் நின்றால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி எறிவது மட்டுமே வழி.

பதில்: வலிகாமம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பழைய மண் பற்றிக் கேட்டதற்குப் பதில்.

அதே மண்ணில் உடனே கத்தரி வைக்காதீர்கள். தக்காளி, மிளகாய் நின்ற மண்ணும் அதே கணக்குத்தான், எல்லாம் ஒரே குடும்பம். பழைய செடியைப் பிடுங்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணைக் கொட்டிப் பரப்பி, ஈரமாக்கி, கண்ணாடி போன்ற தெளிந்த பொலித்தீனால் மூடி, கடும் வெயில் காலத்தில் நான்கு தொடக்கம் ஆறு கிழமை (வாரம்) விடவேண்டும். கறுப்புப் பொலித்தீன் அவ்வளவு சூட்டைக் கீழே விடாது. அதன் பிறகு கூட்டெரு (கம்போஸ்ட்), வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து, முதலில் வேறு குடும்பப் பயிர் ஒன்றைப் போட்டு எடுத்துவிட்டுக் கத்தரிக்குத் திரும்புங்கள்.

செடி முழுதும் பச்சையாக இருக்கும்போதே ஒரு நாளில் வாடி, இரவிலும் தெளியாவிட்டால் பற்றீரியா வாடல் என்று சந்தேகியுங்கள். அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுகம் நீரில் தொடும்படி கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால் அதுதான். அந்த மண்ணை வெயிலில் காயவைத்து மீட்கப் பார்க்காமல் மாற்றிவிடுவதே நல்லது, பையையும் கத்தியையும் கழுவுங்கள். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் சுண்டங்கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று நின்றுபிடிக்கும். தமிழ்நாட்டில் சுண்டைக்காய் என்பீர்கள். நீங்களே ஒட்டுவதாயின், சுண்டை விதை மெதுவாக முளைப்பது, தண்டும் மெதுவாகத்தான் தடிக்கும். அதைக் கத்தரிக்கு மூன்று நான்கு கிழமை முந்திப் போட்டால்தான் இரண்டு தண்டும் ஒரே தடிப்புக்கு வரும்.

நாட்டு ரகம் என்பதால் விதை எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் கறிக்கு வாங்கும் கத்தரிக்காய் பிஞ்சு, அதன் விதை முளைக்காது. செடியிலேயே விட்டுக் காய் மஞ்சளாகிச் சற்று மென்மையாகும்வரை, பூத்ததிலிருந்து ஏறக்குறைய 50 தொடக்கம் 60 நாள் பொறுக்க வேண்டும். ஒரு செடியில் இரண்டு காயை மட்டும் விதைக்கு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் செடி புதிதாகப் பூப்பதை நிறுத்திவிடும். உங்களிடம் இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் தேனீ கலந்துவிடும். விதைக்கு விடும் மொட்டை விரிவதற்கு முதல் மெல்லிய துணிப்பையால் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்து நூலால் அடையாளம் கட்டுங்கள்.

பழுத்த காயைப் பறித்து ஒரு கிழமை வீட்டில் வைத்து, பிறகு தண்ணீருக்குள் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், சதையும் சப்பை விதையும் மிதக்கும். அன்றே கழுவி, நிழலில் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும், தாளில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் வளைத்தால் வளையாமல் ஒடியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். எடுத்த உடனே விதைத்து முளைக்கவில்லை என்று எறியாதீர்கள். புது விதை ஒன்றிரண்டு மாதம் உறங்கும். வீட்டு அலுமாரியில் வைத்தால் ஒன்றிரண்டு வருடம் நம்பலாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கூடக் காலம்.

தென்மாடி

வலைக்குள் வைத்தால் சிவப்புச் சிலந்திப் பேன் கூடுமா? பழைய செடியை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்குமா, இல்லை பிடுங்கி எறியலாமா?

பதில்: பூச்சிநோட்டம்

சிலந்தி கூடலாம். காற்று வறண்டு சூடாக இருந்தால் வலைக்குள் சீக்கிரம் பெருகும். இலை மேல்பக்கம் மஞ்சள் பொடிப்புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள், நுண்ணிய நூலாம்படை இருக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையின் அடிப்பக்கத்தை வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவினாலே பெருமளவு குறையும். தணியாவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட்ட பிறகே கந்தகம், இல்லையென்றால் இலை வெந்துவிடும்.

பதில்: செம்மண்காரர்

பழைய செடியோட வேர்ல முடிச்சு இல்லை, சிற்றிலை இல்லை, வாடல் இல்லைன்னா எறியாதீங்க. மண்ணுலேர்ந்து ஒரு அடிக்கு மேல, ரெண்டு மூணு கணு பச்சையா இருக்கிற இடத்துல சாய்வா வெட்டி, எல்லா இலையையும் எடுத்துடுங்க. அந்த இலையோட முட்டையும் சாறு உறிஞ்சியும் மொத்தமா போயிடும். மேல்மண் ரெண்டு இன்ச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா மண்புழு உரம் அரைக் கிலோவும் வேப்பம் புண்ணாக்கு 50 கிராமும் போட்டு மூடுங்க. இலை இல்லாத செடிக்குத் தண்ணி பாதி போதும், வழக்கமா விடுற அளவு விட்டா வேர் அழுகும். ரெண்டு வாரத்துல துளிர் வரும். நிறைய வந்தா நாலு பலமான கிளையை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. கொழுந்து விட ஆரம்பிச்ச அன்னிக்கே வலையைக் கட்டிடுங்க, துளைப்பானுக்குப் பிடிச்சதே அந்த இளந்தண்டுதான்.